சாத்திர தானமும் நம் மலையின் வரலாறும்

தமிழ்ச் சமணர் வீடுகளில் தானம் நான்கு என்று சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்து விடுவார்கள். உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். முதல் மூன்றும் எல்லாச் சமயத்தாருக்கும் பொது. நான்காவதுதான் கேட்பவர்களுக்குப் புதிதாக இருக்கும். சாத்திர தானம் என்றால் நூல் ஒன்றைப் படியெடுத்து, அதைப் படிக்கக்கூடியவர் கையில் சேர்ப்பது. வசதி உள்ளவர் ஏடெழுதுவோருக்குக் கூலி கொடுத்து எழுதுவிப்பார். வசதி இல்லாதவர் தாமே உட்கார்ந்து எழுதித் தருவார். நோன்பு முடிந்தால் ஒரு நூல், வீட்டில் பெரியவர் காலமானால் அவர் நினைவாக ஒரு நூல். இன்றைக்கும் எங்கள் பக்கத்துச் சிறு அச்சுப் புத்தகங்களில் 'இன்னார் நினைவாகச் சாத்திர தானம்' என்று போட்டிருக்கும். விலை போட்டிருக்காது.

நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன். ஏலக்காய் வியாபாரத்துக்காக மலையேறி வந்தவன், இங்கேயே தங்கிவிட்டேன். கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். கடையில் ஆள் வராத நேரத்தில் படித்ததுதான் என் படிப்பு. சங்கத்தார் மலருக்குச் சமண வரலாறு பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். அதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு வேறு ஒரு கேள்வியையும் கேட்கப் போகிறேன். ஆய்வாளர்கள் பாடுபட்டுக் கண்டு எழுதிவைக்கும் செய்தி நம்மைப் போன்ற வெளியாட்களுக்குக் கிடைக்கிறதா? இன்று கிடைப்பது நம் பேரன் பேத்தி காலத்திலும் கிடைக்குமா?

ஓலைக்கு ஆயுள் உண்டு. பக்குவமாகப் பதப்படுத்திய பனையோலை முந்நூறு நானூறு ஆண்டு தாங்கும். நம் பீர்மேட்டு மழையிலும் மூடுபனியிலும் வைத்தால் அதற்கும் குறைவு. கரையான், பூச்சி, தீ, வெள்ளம் என்று பகை பல. அப்படியிருக்க ஆயிரம் ஆண்டுப் பழைய நூல் ஒன்று நம் கையில் இருக்கிறதென்றால் என்ன பொருள்? இடையில் மூன்று நான்கு தலைமுறை ஏடுகள் அழிந்திருக்கின்றன, ஒவ்வொரு முறையும் அழியும் முன்பாக யாரோ ஒருவர் மறுபடி எழுதியிருக்கிறார் என்று பொருள். பேர் தெரியாத அந்த ஆள் ஒரே ஒருமுறை சோம்பியிருந்தால் நூல் இல்லை.

இந்தச் சோம்பலுக்கு மருந்தாகத்தான் சுருத பஞ்சமி என்று ஒரு நாளையே வைத்தார்கள் என்பது என் எண்ணம். மே கடைசியிலோ ஜூன் மாதத்திலோ வரும் வளர்பிறைப் பஞ்சமி அது. அன்று பெட்டியைத் திறந்து ஏடுகளை வெளியே எடுத்து, தூசி தட்டி, புதுத் துணி சுற்றிப் பூசை செய்து வைப்பார்கள். பக்திமான் கண்ணுக்கு இது பூசை. வியாபாரி கண்ணுக்கு வருஷாந்திர ஸ்டாக் எடுப்பு. எந்தக் கட்டு செல்லரித்தது, எதை இந்த ஆண்டு மறுபடி எழுத வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

ஆயிரம் படியும் ஒற்றைப் பெட்டியும்

கன்னட நாட்டில் 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் அத்திமப்பே என்று ஓர் அம்மையார் இருந்தார். மேலைச் சாளுக்கியர் காலம். படைத்தலைவர் குடும்பம், இளமையிலேயே கணவனை இழந்தவர். பொன்னன் என்னும் கவி பாடிய சாந்தி புராணத்தை 1000 படிகள் எழுதுவித்து அவர் நாடெங்கும் கொடுத்தார். அச்சு இல்லாத காலம், ஐயா! ஒரு கட்டு எழுதி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆயிரம் கட்டுக்கு எத்தனை கைகள் வேலை செய்திருக்கும், எத்தனை ஓலை வெட்டியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. கதக் மாவட்டத்து லக்குண்டியில் அவர் எழுப்பிய ஜினாலயம் இன்றும் நிற்கிறது. அங்கே 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டும் உண்டு. அவருக்கு மக்கள் கொடுத்த பட்டம் தானசிந்தாமணி.

கோயில் எழுப்பியதை விட ஆயிரம் படி கொடுத்ததே பெரிது என்பேன். கோயில் ஓர் இடத்தில் நிற்கும். ஆயிரம் படி ஆயிரம் வீட்டில் நிற்கும். நூறு வீடு எரிந்தாலும் தொள்ளாயிரம் மிச்சம்.

இதற்கு நேர்மாறான கதையும் எங்கள் சமயத்திலேயே உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்கண்டாகமம் என்பது திகம்பர சமணரின் தலையாய ஆகமம். புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர் இயற்றியது. பூதபலி தமிழ் நாட்டுக்கு வந்தவர் என்று மரபு சொல்கிறது. அந்த நூல் எழுதி முடிந்த நாள்தான் மேலே சொன்ன சுருத பஞ்சமி. அந்நூலுக்கு வீரசேனர் எழுதிய தவளம் என்னும் பேருரையும் சேர்ந்து, தென்கன்னட மூடபித்ரியில் பழைய கன்னட எழுத்தில் ஓலைச் சுவடியாகப் பல நூற்றாண்டு இருந்தது. யாத்திரை போனவர்களுக்குத் தரிசனம் கிடைக்கும், படிக்கக் கிடைக்காது. தீபம் காட்டிவிட்டுப் பெட்டியை மூடிவிடுவார்கள். வேறு ஊர்களில் படியே இல்லாமல் போயிற்று. நூல் எழுதி முடித்த நாளை நாடெங்கும் கொண்டாடிக் கொண்டிருந்தோம், நூலை ஒருவரும் படித்ததில்லை!

19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வடநாட்டுச் சமணப் பெரியோர்கள் வற்புறுத்தி, ஓலை பொடியாகிறதே என்று எடுத்துச் சொல்லி, படியெடுக்க இசைவு பெற்றார்கள். படி எடுக்கலாம், ஆனால் அது வெளியே போகக் கூடாது என்பது ஏற்பாடு. எழுத அமர்த்தப்பட்ட பண்டிதர்களில் ஒருவரான கஜபதி உபாத்தியாயர், தம் மனைவியின் துணையோடு வீட்டில் மறைவாக இன்னொரு படியும் எழுதினார். அந்தப் படி சகாரன்பூருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே நாகரி எழுத்தில் பெயர்த்தபோது அதிலிருந்தும் ஒரு படி கசிந்து, ஊர் ஊராகப் பரவிற்று. அந்தப் படிகளை வைத்து ஹீராலால் ஜெயின் என்னும் பேராசிரியர் 1939இல் முதல் தொகுதியை அமராவதியிலிருந்து அச்சிட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டில் 16 தொகுதிகள் முடிந்தன. பிற்பாடு மூடபித்ரியாரும் மூலத்தோடு ஒப்பிட்டுத் தந்து உதவினார்கள், அது அவர்கள் பெருந்தன்மை.

மறைவாகப் படியெடுத்தது முறையா என்று எங்கள் ஆட்களுக்குள் இன்னமும் வாதம் உண்டு. திருடாமை எங்களுக்கு ஐந்து விரதங்களில் ஒன்று, ஆகவே இது சாதாரண விஷயம் அன்று. நான் அந்தப் பண்டிதர் பக்கத்திலும் முழுக்கச் சாய மாட்டேன். ஆனால் பெட்டிக்குக் காவல் இருந்தவர்கள் அந்த நூலைக் காத்தார்கள் என்று மட்டும் சொல்ல என் வாய் வராது. ஓலையைக் காத்தார்கள். நூல் பரவியது வேறு ஆட்களால்.

கும்பகோணத்து மாவிலைத் தோரணம்

மூன்றாவது கதை நம் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இந்தக் கோணத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். 1880ஆம் ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர் போய்ப் பார்த்தார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று படித்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டு, தம்மிடம் இருந்த படியையும் கொடுத்தார். ஐயருக்குத் தமிழ் புரிந்தது, சமணக் கொள்கைச் சொற்கள் புரியவில்லை. உரையிலும் அவற்றுக்கு விளக்கம் போதவில்லை.

அப்போது கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் வாழ்ந்தன. சந்திரநாத செட்டியார் வீட்டுக்கு ஐயர் போனபோது வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி, கோலம் போட்டு, விசேஷம் போல இருந்தது. என்ன பண்டிகை என்று கேட்டார். சிந்தாமணி பாராயணம் இன்றைக்குப் பூர்த்தியாயிற்று என்றார்கள். உலகம் மறந்துவிட்டது என்று முதலியார் கவலைப்பட்ட நூல், அடுத்த தெருவில் வழக்கமாகப் படிக்கப்பட்டுக் கொண்டிருந்தது! வீடூர் அப்பாசாமி நயினார் போன்றவர்கள் ஐயருக்கு உட்கார்ந்து பொருள் சொன்னார்கள். சைவ ஆதீனத்தில் படித்து வந்த ஒருவர் வீட்டுக்கு வந்து கேட்டபோது, நீங்கள் எங்கள் ஆள் இல்லையே என்று அவர்கள் சொல்லவில்லை. பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டு, நச்சினார்க்கினியர் உரையோடு 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அதன்பின் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று அடுத்தடுத்து வந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஒரு நூல் நெடுங்காலம் வாழ வேண்டுமானால் பூட்டு மட்டும் போதாது. திறந்து வைப்பது மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. படி பல இருக்க வேண்டும், பல கைகளில் இருக்க வேண்டும், அவற்றைப் புதுப்பிப்பது தன் கடமை என்று ஒருவர் ஏற்க வேண்டும். இதே அளவுகோலை இன்றைய ஆய்வு நூல்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். முதலில் நம் மலையைப் பற்றிய நூல்கள்.

பீர்மேட்டைப் பற்றி எழுதியவர்கள்

பழையதில் தொடங்கினால், நாகம் ஐயா என்னும் தமிழர் எழுதி 1906இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல். நம் மலைகளைப் பற்றியும் அதில் செய்தி உண்டு. ஆசிரியர் 1917இல் காலமானவர், உரிமைக் காலம் எப்போதோ முடிந்தது. இன்று யார் வேண்டுமானாலும் இன்டர்நெட் ஆர்கைவில் அந்த மூன்று தொகுதியையும் காசில்லாமல் படிக்கலாம். பீர்மேடு, வண்டிப்பெரியார் பகுதித் துரைமார்களின் தோட்ட வரலாறு 'அபவ் தி ஹெரன்ஸ் பூல்' என்ற பெயரில் 1993இல் லண்டனில் வந்தது. துரைமார் கதை அது, நம் லயத்துக் கதை அன்று. அதுவும் இங்கே கண்ணில் படாது.

தொழிலாளர் பக்கம் வந்தால் இரண்டு நூல்களைச் சொல்ல வேண்டும். கே. ரவி ராமன் தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளர் பற்றி எழுதிய ஆங்கில நூல் 2010இல் வெளிவந்தது. கனமான ஆய்வு. ஆனால் வெளிநாட்டுக் கெட்டி அட்டைப் பதிப்பு. அது நம் போன்றோர் கொடுக்கும் விலையன்று. ஜெயசீலன் ராஜ் எழுதிய 'பிளான்டேஷன் கிரைசிஸ்' 2022இல் வந்தது. இது நம் பீர்மேட்டுத் தேயிலைக் காட்டுத் தமிழ்த் தலித் தொழிலாளர்களைப் பற்றியது. தேயிலை விலை விழுந்து தோட்டங்கள் பூட்டப்பட்ட காலத்தில் லயங்களில் என்ன நடந்தது என்று எழுதுகிறது. லண்டன் யூசிஎல் பல்கலைக்கழகப் பதிப்பகம் இதைத் திறந்த அணுக்கமாக வெளியிட்டது. அப்படியென்றால், யாரும் போனிலேயே முழுப் புத்தகத்தையும் இறக்கிக்கொள்ளலாம், பிறருக்கும் அனுப்பலாம். சட்டப்படி. 2015இல் தொடங்கிய அந்தப் பதிப்பகத்தின் எல்லா ஆய்வு நூல்களும் இப்படித்தான்.

இது ஏன் நமக்குப் பெரிய விஷயம்? 2000 வாக்கில் பூட்டப்பட்ட தோட்டங்களின் ஆபீஸ் அறைகளை நினைத்துப் பாருங்கள். செக்ரோல், பெரட்டுப் புத்தகம், ஆஸ்பத்திரிப் பதிவு எல்லாம் அங்கேதான் கிடந்தன. யார் எந்த ஆண்டு எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கங்காணியின் கீழ் வந்தார், குழந்தை எப்போது பிறந்தது என்ற தகவலெல்லாம் அதில்தான். ஒரு தோட்டத்துப் பதிவேடுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய், அதன் தாளில் மிளகு கட்டி வந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சிவப்பு மையில் பெயரும் எதிரே நாட்கூலியும் எழுதிய தாள். மூலம் இப்படிப் போனபிறகு, ஓர் ஆய்வாளர் லயத்தில் தங்கிக் கேட்டு எழுதிய பக்கங்கள்தான் சாட்சி. அந்தப் பக்கமும் பூட்டுக்குள் போனால், அல்லது காணாமல் போனால், நம் பிள்ளைகளுக்குத் தாத்தா வந்த கதை வாய்மொழிதான். வாய்மொழியும் இரண்டு தலைமுறைக்கு மேல் தாங்காது.

திறந்ததும் மறைகிறது

திறந்த அணுக்கம் என்ற கருத்துக்குப் பெயரும் விளக்கமும் கொடுத்தது 2002இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை. ஆய்வுக் கட்டுரையை இணையத்தில் எவரும் காசில்லாமல் படிக்க, இறக்க, படியெடுக்க விடவேண்டும் என்பது சாரம். நல்லதுதான். ஆனால் திறந்து வைத்தால் நிலைக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலும். 2021இல் அச்சான ஓர் ஆய்வில் மூன்று ஆராய்ச்சியாளர் கணக்கெடுத்தார்கள்: 2000 முதல் 2019 வரை திறந்த இதழ்களில் 174 இணையத்திலிருந்தே மறைந்துவிட்டன. புதிதாக எதுவும் வெளியிடாமல் கிடக்கும் இன்னும் 900 அளவிலான இதழ்கள் அதே வழியில் போகலாம் என்றும் எச்சரித்தார்கள். 2024இல் மார்ட்டின் ஈவ் என்பவர் வேறு விதமாகப் பார்த்தார். நிலையான எண் கொடுக்கப்பட்ட 74 இலட்சம் ஆய்வு வெளியீடுகளை எடுத்து, பாதுகாப்புக் கிடங்கு எதிலாவது படி இருக்கிறதா என்று தேடினார். 20 இலட்சத்துக்கு மேல், நூற்றுக்கு 28, எந்தக் கிடங்கிலும் இல்லை.

எண்களை விடுங்கள், கண்ணில் கண்டதைச் சொல்கிறேன். குமுளியிலிருந்து கம்பம் இறங்கிப் போகும் வழியில் உத்தமபாளையம். அங்கே பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்தும் உண்டு. 9, 10ஆம் நூற்றாண்டு. அச்சணந்தி என்னும் முனிவர் பெயர் அங்கேயும் இருக்கிறது, மதுரை ஆனைமலையிலும் இருக்கிறது. அந்த எழுத்துகளைப் பற்றிய நல்ல கட்டுரை ஒன்று ஒரு கல்வி நிறுவனத்து இணைய இதழில் இருந்தது. இன்டர்நெட் சென்டர் தம்பி எனக்கு அதை அச்செடுத்துத் தந்தான், 11 தாள். சில ஆண்டில் அந்த இதழையே காணோம். முகவரியைத் தட்டினால் யாரோ சூதாட்ட விளம்பரம் வருகிறது. போன ஆண்டு தேனியிலிருந்து ஆய்வு மாணவி ஒருத்தி விசாரித்துக்கொண்டு என் கடைக்கே வந்தாள். ஏலக்காய் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து அந்த 11 தாளையும் படித்துவிட்டு ஜெராக்ஸ் எடுத்துப் போனாள். ஆய்வு உலகத்தின் ஒரு படி குமுளிக் கடை அலமாரியில் இருக்கிறது என்றால் அது பெருமையா, கேவலமா?

சந்தா கட்டிப் படிக்கும் இதழ்களின் நிலை வேறு. 2024 நவம்பரில் மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு இசைவு தந்தது. 2025, 2026, 2027 மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், 13,000 அளவில் இதழ்கள். 6,300க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். மாணவருக்கு நல்லது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வியாபாரி கணக்கில் இது வாடகைக் குடோன். பழைய காலத்தில் நூலகம் இதழுக்குச் சந்தா கட்டினால் வந்த இதழ் அலமாரியில் தங்கும். அடுத்த ஆண்டு சந்தாவை நிறுத்தினாலும் பழையது நம்முடையது. இப்போது பெரும்பாலும் வாங்குவது இதழை அன்று, நுழையும் சாவியை. வாடகை நின்றால் சாவியை வாங்கிக்கொள்வார்கள், தனியே ஒப்பந்தம் எழுதியிருந்தால் ஒழிய. அதோடு, நானும் நீங்களும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் இல்லாதவர்கள். கணக்கில் வரமாட்டோம்.

பாடபேதம் பார்க்கும் இயந்திரம்

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1999இல் லாக்ஸ் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். நிறையப் படி இருந்தால் சரக்குப் பத்திரம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். படித்ததும் எனக்கு அத்திமப்பே நினைவுதான் வந்தது. பல நூலகங்களில் ஒரே இதழின் படியை வைப்பார்கள். அந்தக் கணினிகள் அவ்வப்போது ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்: என் படியும் உன் படியும் ஒன்றுதானா? ஒன்றில் பிழை நேர்ந்திருந்தால் மற்றவை சேர்ந்து காட்டிக்கொடுக்கும், கெட்டது திருத்தப்படும். ஐயர் பல சுவடியை வைத்துப் பாடபேதம் பார்த்ததை இயந்திரம் செய்கிறது. ஒரு வேற்றுமை உண்டு. இயந்திரம் பெரும்பான்மையை நம்பும். பதிப்பாசிரியர் அப்படிச் செய்யலாகாது. பத்து ஏட்டில் ஒரே பிழை இருந்து, பூச்சி அரித்த ஒரே ஏட்டில் சரியான பாடம் இருக்கலாம். இதே வழியில் வந்த கிளாக்ஸ் என்னும் கூட்டமைப்பு, பதிப்பகம் மூடி இதழ் எங்கும் கிடைக்காமல் போனால் தன்னிடம் உள்ள படியை எல்லோருக்கும் திறந்துவிடுகிறது.

ஒரே இடத்தில் குவித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் வெகுதூரம் போக வேண்டாம். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டது. 97,000 அளவில் நூல்களும் ஓலைச் சுவடிகளும் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் திட்டம் ஈழத்து நூல்களைப் படியெடுத்து யாரும் படிக்க வைத்திருக்கிறது. இணையத்திலும் தீ உண்டு. 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை முடக்கினார்கள், மாதக்கணக்கில் பட்டியல்கூடக் கிடைக்கவில்லை. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவும் தாக்கப்பட்டு நாட்கணக்கில் மூடிக்கிடந்தது.

நம்மவர் செய்த நல்ல காரியங்களும் உண்டு. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா தம் காசில் இலட்சம் நூல், இதழ், துண்டறிக்கை சேர்த்தார். 1992இல் அவர் காலமானதும் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே 1994இல் நூலகமாக்கியது. நுண்படச் சுருளின் படி சிகாகோவிலும் இருக்கிறது. இரண்டு கண்டத்தில் இரண்டு படி! தமிழக அரசு நூல்களை நாட்டுடைமை ஆக்குவதும் இந்த வகைதான். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'சமணமும் தமிழும்' 1954இல் வந்தது, எனக்கு வேதம் மாதிரி. அவர் 1980இல் மறைந்தார். ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்ற சட்டப்படி பார்த்தால் 2040 முடியும் வரை அந்நூல் பூட்டுக்குள் இருந்திருக்கும். குடும்பத்தாருக்குத் தொகை கொடுத்து அரசு அந்த உரிமையைப் பொதுவாக்கியதால் இன்று பல பதிப்பகம் அச்சிடுகிறது, இணையத்திலும் கிடைக்கிறது.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முதலியோர் மதுரைத் திட்டம் தொடங்கியபோது தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு இருந்தது. அவர்கள் பின்னால் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினார்கள். ஓலையை மறுபடி எழுதியதற்குச் சமம் அது. மாற்றாதவர் கதி என்ன? அக்காலத்து டிடிபி கடைக் கோப்பைத் திறந்து பாருங்கள். கோப்பு இருக்கும், எழுத்து இராது; கட்டம் கட்டமாக ஏதோ வரும்.

இந்த மலர் எங்கே போகும்?

இனி நம் வீட்டு விஷயம். சங்க மலர்களில் நம் ஆட்கள் எழுதியிருக்கும் கட்டுரைகள் லேசுப்பட்டவை அல்ல. 1956இல் மாநில எல்லை பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் நடந்ததைக் கண்ணால் கண்டவர்கள் எழுதியதை நானே படித்திருக்கிறேன். அவர்களில் பலர் இன்று இல்லை. அந்த மலர்கள் எங்கே? விழா முடிந்ததும் விளம்பரம் கொடுத்தவர் தம் பக்கத்தைப் பார்த்துவிட்டு டீபாய் மேல் போடுவார், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது போய்விடும். 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் புத்தகம் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் போக வேண்டும். மலருக்கு இதெல்லாம் யார் நினைக்கிறார்கள்?

ஆகவே செயற்குழு முன் நான் வைத்திருக்கும் விண்ணப்பத்தை இங்கேயும் எழுதுகிறேன். மலரின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி போட வேண்டும்: ஆசிரியர் பெயர் குறிப்பிட்டு எவரும் இக்கட்டுரைகளைப் படியெடுக்கலாம், பரப்பலாம் என்று. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிமத்தின் பெயரைச் சொன்னால் உலகெங்கும் புரியும். கட்டுரையின் உரிமை எழுதியவருடையது, சங்கத்துடையது அன்று. அதனால் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். என் கட்டுரைக்கு நான் போட்டுக் கொடுத்துவிட்டேன். அச்சாகும் படியில் சிலவற்றைக் கன்னிமாராவுக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்கும் தபாலில் அனுப்ப வேண்டும். டிடிபி கடைக்காரரிடம் யூனிகோடு கோப்பைக் கேட்டு வாங்கி, பிடிஎஃப்போடு சேர்த்து இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்ற வேண்டும். ஒரே சர்வரை நம்பாமல், மூன்று பென்டிரைவில் மூன்று ஊரில்: ஒன்று கீழே கம்பத்தில், ஒன்று ஏலப்பாறையில், ஒன்று பாலக்காட்டு நண்பர்களிடம். அங்கே ஜைனிமேட்டுக் கோயிலுக்கு நான் ஆண்டுக்கொரு முறை போவதால் பென்டிரைவைச் செருகிப் பார்த்துவிட்டு வருவதை நான் ஏற்றுக்கொள்கிறேன். செலவு எல்லாம் சேர்த்து ஒரு கால்பக்க விளம்பரத்துக்கு மேல் போகாது.

பழைய மலர்களில் எனக்குக் கிடைத்தவற்றை ஸ்கேன் செய்ய ஆரம்பித்துவிட்டேன். முதல் இரண்டு மலர்களும் இதுவரை அகப்படவில்லை. யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை, செல்லரித்திருந்தாலும் பரவாயில்லை, கடைக்குக் கொண்டுவாருங்கள். தாளைப் பிரிக்காமல் படம் எடுத்துவிட்டு அன்று மாலையே திருப்பித் தந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, வீட்டில் இருப்பேன்.